உறவு: இல்லை

டெஸ்மண்ட் ட்ரெசைஸ் எப்படிப்பட்டவர் என்று அடிலெய்டிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் எங்கள் கடினா ஊரில் யாரைக் கேட்டாலும் ‘நல்ல மனுஷன்’ என்பார்கள். இன்னும் ஒரு வரி சொல்லுங்கள் என்றால் முழிப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்த ஆளைப் பற்றி! என்ன ஊரோ போங்கள். சரி, நானே சொல்கிறேன். தொழிற்கல்லூரி அலுவலகத்தில் அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து, அவர் எழுதும் தாள்களையெல்லாம் கோப்பில் போட்ட பெவர்லி நான்தான்.

முதியோர் காப்பகங்களில் வேலை செய்கிறவர்களுக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் டெஸ் நேரில் போய்ப் பார்த்துத் தேர்வு வைக்க வேண்டும். இது தாளில் எழுதுகிற பரீட்சை இல்லை. எழுந்து நடக்க முடியாத ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும், சூப் ஊட்ட வேண்டும், அவர் முகம் சுளிக்காமல் துணி மாற்ற வேண்டும். இதற்கு டெஸ் திட்டம் போடுவது இருக்கிறதே, கல்யாணத்துக்குக்கூட யாரும் அப்படிப் போட மாட்டார்கள். ஒரு வாரம் முன்னாடியே போய், தூக்கும் இயந்திரத்தில் சார்ஜ் நிற்கிறதா என்று பார்ப்பார். படுத்திருப்பவரிடம், “உங்கள ஒருத்தங்க தூக்குவாங்க, நான் ஓரமா நின்னு பார்ப்பேன், பரவாயில்லையா?” என்று கேட்பார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினால் வேறு ஆளைத் தேடுவார். எந்த வேலை, எந்த நேரம், எதைக் கண்ணால் பார்ப்பது, எதைக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வது, எல்லாம் தாளில் ஏறிவிடும். தேர்வுக்கு வருகிறவரும் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தேர்வே தொடங்கும்.

அந்தத் தாளின் கடைசியில் ஒரு கட்டம். ‘தேர்வு வைப்பவருக்கும் தேர்வு பெறுபவருக்கும் உள்ள உறவு.’ நண்பர், சொந்தக்காரர் என்று ஏதாவது இருந்தால் வேறு ஆள்தான் வர வேண்டும். டெஸ் எப்போதும் ‘இல்லை’ என்றே எழுதுவார். பொய்யாக அல்ல. அந்த ‘இல்லை’யை உண்மையாக வைத்திருப்பதற்காக மனுஷன் வாழ்க்கையையே ஒடுக்கிக்கொண்டார். மதுக்கடைப் பக்கம் போக மாட்டார். கால்பந்து கிளப்பில் சேர மாட்டார். என் ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் கூப்பிட்டபோது, “உன் தங்கச்சி பொண்ணு காப்பகத்துல சேரப்போறாளாமே, பெவ்?” என்று கேட்டுவிட்டு, வாசலோடு வாழ்த்துச் சொல்லிப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்கென்று வெட்டிய கேக்கையும் நானே தின்று தீர்த்தேன்.

லோர்னா பெட்ரிக் மட்டும் விதிவிலக்கு. அவள் பேக்கரிக்காரி. ரொட்டி சுடுகிறவளுக்கு டெஸ் என்றைக்குமே தேர்வு வைக்கப் போவதில்லை, அதனால் பழகலாம்! அப்படி யோசித்துத்தான் பழகினார் என்று சத்தியமே செய்வேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அவளிடம் கறியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பேஸ்டி வாங்கப் போனவர், பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டில் ஆட்டுக்கறி ரோஸ்ட் சாப்பிடப் போனார். நான்கு வருஷம். கணவனை இழந்தவளும் கல்யாணமே ஆகாதவரும் ரேடியோவில் கால்பந்து கேட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். திங்கட்கிழமைகளில் அவர் விசிலடித்துக்கொண்டே அலுவலகத்துக்குள் வருவார்.

பேக்கரியை மூடினார்கள். லோர்னா எங்கே போனாள் என்கிறீர்கள்? நேராகக் காப்பகத்துக்கு. ஜூன் கடைசிக்குள் சான்றிதழ் இல்லையென்றால் வேலை இல்லை என்று அங்கே கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. அதை விட்டால் ஊரில் வேறு வேலை கிடையாது.

டெஸ் லோர்னாவுக்கான தேர்வுத் தாளை மூன்று நாள் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நண்பர்னு எழுதிட்டா அடிலெய்டுலேர்ந்து வேற ஆள் வருமா, பெவ்?”

“வரும். செப்டம்பர்ல.”

“செப்டம்பரா...”

“அதுக்குள்ள அவள வீட்டுக்கு அனுப்பிருவாங்க, டெஸ். உங்களுக்குத் தெரியாததா?”

அவர் பேனாவை எடுத்து ‘இல்லை’ என்று எழுதினார். நான் பார்த்தேன். கோப்பை எடுத்து நீட்டினேன்.

தேர்வு அன்று லோர்னா தாளை வரி விடாமல் படித்தாளாம். கடைசிக் கட்டத்தில் வந்து நின்றாளாம். “உறவு இல்லையா? அப்போ நாலு வருஷமா என் கறிய யாரு தின்னது, பேயா?” என்று சிரித்தாளாம். டெஸ் சிரிக்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். தேர்வில் ஒரு சலுகையும் இல்லை. சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டாளா என்பதை இரண்டு தடவை குனிந்து பார்த்திருக்கிறார். அவள் சுத்தமாகத் தேறினாள், வேலையும் நிலைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெஸ் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. மூன்றாவது வாரம் லோர்னா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

“என்னய்யா ஆச்சு? ரெண்டு வாரமா கறி ஆறிப்போய் நாய்க்குப் போட்டேன்!”

“தாள்ல எழுதிட்டேனே, லோர்னா.”

“தாள்லதானே எழுதின?”

“தாள ரெண்டு வருஷம் வச்சிருக்கணும். எப்ப வேணாலும் வந்து பார்ப்பாங்க. நான் உன் வீட்டுக்கு வந்துபோறது தெரிஞ்சா உன் சான்றிதழ ரத்து பண்ணிருவாங்க.”

“யாருய்யா வந்து பார்க்கப்போறா, இந்த ஊர்ல?”

“ரெண்டே வருஷம்தான்.”

“ரெண்டு வருஷம்!” அவள் என்னைப் பார்த்தாள். நான் கணினித் திரையைப் பார்த்தேன். “உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு டெஸ்,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தாமலே போனாள்.

அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார், நான் மறுக்கவில்லை. ஆனால் எழுதிய பொய்யோடு அவரால் வாழ முடியவில்லை, அதை நிஜமாக்கப் பார்த்தார். எந்த மடையன் இப்படிச் செய்வான்? கடையில் அவளைக் கண்டால் வேறு வரிசைக்கு நகர்ந்துவிடுவார். திங்கட்கிழமை விசில் நின்றது. மதியம் தனியாக உட்கார்ந்து தகர டப்பாவில் பீன்ஸ் சாப்பிட்டார். காலண்டரில் நாளைக் கணக்குப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவையாவது ‘போய்ப் பாருங்க’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கையிலும்தானே அந்தப் பொய் இருந்தது?

இரண்டு வருஷத்தில் ஒருவரும் வந்து எந்தக் கோப்பையும் பார்க்கவில்லை.

கெடு முடிந்த அன்று லோர்னாவின் தாளை நான் இயந்திரத்தில் போட்டுக் கிழித்தேன். டெஸ் பக்கத்தில் நின்று, முழுவதும் கிழிந்ததா என்று குனிந்து பார்த்தார். அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் ஒரு களை. முடி வெட்டிக்கொண்டார். புதுச் சட்டை வாங்கியதைக்கூட என்னிடம் காட்டினார். நான் பாவி, அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிறு மதியம் லோர்னா வீட்டு மணி அடித்தபோது நானும் உள்ளே மேஜையில்தான் இருந்தேன். டெஸ் வருவது நின்ற சில மாதங்களில், கறி வீணாகிறதே என்று முதலில் என்னைக் கூப்பிட்டிருந்தாள். அப்புறம் காப்பகத்தில் சமையல் பார்க்கும் கெவின் வந்தான், பக்கத்து வீட்டுத் தம்பதி வந்தார்கள். ஒன்றரை வருஷமாக அந்த வீட்டில் ஞாயிறென்றால் ஒரே கூத்துதான்.

லோர்னா கதவைத் திறந்தாள். வாசலில் டெஸ், கையில் சாக்லேட் பெட்டியோடு.

“அட, டெஸ்! வாங்க, வாங்க. கெவின், அந்த முக்காலிய இழுத்துப் போடு.” எங்கள் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபமோ குத்தலோ கொஞ்சமும் இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “இவர் டெஸ். எனக்குத் தேர்வு வச்சவர்.”

“ஆமா,” என்றார் டெஸ். “நல்லா செஞ்சாங்க. முதல் தடவையிலேயே தேறிட்டாங்க.”

எல்லோரும் கை தட்டினார்கள். கெவின் பழைய காப்பகக் கதை ஒன்றை ஆரம்பித்தான், லோர்னா விழுந்து விழுந்து சிரித்தாள். டெஸ் தட்டில் வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், எல்லோருக்கும் நன்றி சொன்னார். யாரும் இருக்கச் சொல்லவில்லை.

நான் கார் வரை கூடப் போனேன்.

“டெஸ், நான் முன்னாடியே உங்ககிட்ட...”

“விடு பெவ்.” கார்ச் சாவியைத் தேடி எடுத்தார். “நான் எழுதினதுல பொய் எதுவும் இல்ல.”

அவர் கார் முக்குத் திரும்பும் வரை பார்த்தேன். உள்ளே போகப் பிடிக்கவில்லை. தெருவிலேயே நின்று அழுதேன்.