புகை மேலேதான் போகும்

ஸ்ரௌவ்வில்லில் இருந்து தெற்கே இறங்கும் தெருவில் நடைபாதை கிடையாது. ஓரத்தில் சரளைக்கல், அதற்கப்பால் வாய்க்கால், அதற்கும் அப்பால் வீடு கட்டுவதற்காகக் கிளறிப் போட்ட வயல். என் தோளில் ஒரு பை. கையில் தலையணையும் ஒரு சோடி பூட்சும் திணித்த கறுப்புக் குப்பைப் பை. நடக்கத் தொடங்கி ஒரு மணித்தியாலம் இருக்கும். காலையில் யாரோ நெற்றியில் பூசிய திருநீறு வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் எரிந்தது. அன்று காலை வரை அந்த ஊரில் எனக்கு ஒரு அறை இருந்தது. தனி வாசல், திறக்கக்கூடிய ஒரு யன்னல். ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் அது இன்றைக்கும் என்னுடையதாக இருந்திருக்கும்.

நடப்பது எனக்குப் புதிதல்ல. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பு, மொஸ்கோ, ஒரு லொறியின் பின்புறம், ஜெர்மனியில் ஏழு வருடம், பிறகு சமுத்திரம் கடந்து இங்கே. ஜெர்மனியில் அகதி முகாமில் படுத்துக்கொண்டு ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். அந்தச் சமையலறையில் கற்ற ஜெர்மன்தான் என்னைத் தத்துவத்துக்குள் கொண்டுபோய் விட்டது.

முதலில் வோபர்னில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் இருந்தேன். மேலே வீட்டுக்கார அண்ணை. ஊரில் வாத்தியார், இங்கே இன்சூரன்ஸ் விற்பவர், சனிக்கிழமை பின்னேரங்களில் தத்துவவாதி. நாலைந்து பேர் அவருடைய வரவேற்பறையில் கூடி, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன்காரர்கள் சுதந்திரத்தையும் பகுத்தறிவையும் மதத்தையும் பற்றி எழுதியதை ஆங்கிலத்தில் வாசிப்பார்கள். நடுவில் ஜெர்மன் சொல் வந்து தடுக்கினால் படியால் கீழே குரல் வரும்.

"எங்கட ஜெர்மன்காரன், மேல வாரும்! உந்தச் சொல்லை எப்பிடிச் சொல்லுறது?"

நான் ஏறிப் போய்ச் சொல்வேன். அவர்கள் அதைத் திரும்பச் சொல்லிக் கெடுப்பார்கள். கூலியாக, இறைச்சி அடைத்துப் பொரித்த ஒரு பற்றிஸும் மூலையில் ஒரு கதிரையும் கிடைக்கும். இரண்டு வருடம் அந்தக் கதிரையில் இருந்து கேட்டேன்.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான். அந்த ஜெர்மன்காரர்களில் பெரியவர் ஒரு பேராசிரியர். உலக வரலாறு முழுவதும் சுதந்திரம் தன்னைத் தானே அறிந்துகொள்ளும் பயணம் என்றார். கிழக்கில் ஒருவனே சுதந்திரமானவன், கிரேக்கத்தில் சிலர், ஜெர்மானியரிடம் வந்த பிறகுதான் எல்லோரும். மதம் படமாகக் காட்டுவதைத்தான் தத்துவம் கருத்தாகச் சொல்கிறது என்றும் சொன்னார். அவ்வளவு நீண்ட பயணம் கடைசியில் அவருக்குச் சம்பளம் கொடுத்த அரசனின் வாசலில் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தது. அவரோடு அதே பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு பாதிரியார், முற்றாகச் சார்ந்திருக்கிறோம் என்ற உணர்வுதான் மதத்தின் வேர் என்றார். அப்படியென்றால் நாய்தான் உத்தம பக்தன் என்று பெரியவர் பரிகசித்தாராம். இரண்டு பேருக்கும் சொந்தமாக மேசையும் விளக்கும் இருந்தன. அடுத்தவன் வீட்டு பேஸ்மென்ற்றில் இருந்த எவனும் அந்த உணர்வுக்கு மதம் என்று பெயர் வைத்திருக்க மாட்டான்.

அவர்களுக்குப் பின்னால் வந்த ஒருவனை மட்டும் எனக்குக் கொஞ்சம் பிடித்தது. மனிதன் தன்னிடமுள்ள நல்லதையெல்லாம் பிடுங்கி வானத்தில் மாட்டிவிட்டு, பிறகு அதையே கும்பிட்டுக் கெஞ்சுகிறான் என்று எழுதியவன். எழுதியதற்காக அவனுக்குப் பல்கலைக்கழகக் கதவு பூட்டப்பட்டது. மனைவி வீட்டாரின் பீங்கான் தொழிற்சாலையை நம்பிச் சாப்பிட்டான். சொன்னதற்கு ஏதோ ஒரு விலை கொடுத்திருக்கிறான்.

பகுத்தறிவுக்கான ஜெர்மன் சொல்லை நான் முதலில் கேட்டது புத்தகத்தில் அல்ல. ஜெர்மனியில் ஒரு குடிவரவு அதிகாரி, நானாக விரும்பி ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்று அச்சடித்த தாளை என் பக்கம் தள்ளி, அந்தச் சொல்லாலேயே, அறிவோடு நடந்துகொள்ளுங்கள் என்றார். ஒரு சனிக்கிழமை இதைச் சொன்னேன்.

"அது வேற ரீசன், ஐசே," என்றார் அண்ணை. "இது தத்துவ ரீசன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பற்றிஸைக் கடித்தேன்.

பிறகு அண்ணை ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கினார். சாமான் தூக்க ஆள் வேண்டும் என்பதால் என்னையும் கொண்டுபோனார். அங்கும் எனக்குக் கீழேதான் அறை, ஆனால் முன்னையதை விட நல்ல அறை. அடுத்த கிழமையே குடிபூரல் வைத்தார்கள். கணபதி ஹோமம், பால் காய்ச்சல், எல்லாம்.

"உதெல்லாம் மனிசிக்காக, ஐசே," என்றார். "நான் நம்புறேல்லை. ஆனா கலாச்சாரம்."

இங்கே வீட்டுக்குள் ஹோமம் வளர்க்கும் எங்கள் சனத்துக்கு ஒரு வேலை கைவந்தது. காலையிலேயே ஏணி வைத்து ஏறி, முகட்டிலிருக்கும் புகை அலாரங்களைப் பொலித்தீன் பையால் மூடி ரப்பர் பட்டி போட்டுவிடுவார்கள். அன்று அந்த வேலை என்னுடையது. மேலே நாலையும் மூடிவிட்டு, கீழே இருப்பதையும் மூடட்டுமா என்று கேட்டேன். புது வீடுகளில் எல்லா அலாரமும் ஒரே கம்பியில் தொடுத்தவை, ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும் என்றும் சொன்னேன்.

"புகை மேலதான் போகும்," என்றார் அண்ணை. "கீழ ஏன் வரப்போகுது? கொஞ்சம் அறிவால யோசியும்."

அக்கா, அவருடைய மனைவி, பால் சட்டியோடு அருகில்தான் நின்றார். நான் ஏணியை மடித்து வைத்தேன்.

அண்ணை அறிவால் யோசித்தாரே தவிர, வீட்டைப் பார்க்கவில்லை. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் யந்திரம் மேலிருந்து காற்றை இழுத்துக் கீழே கொண்டுபோய்த்தான் திருப்பி அனுப்பும். அலுமினியத் தட்டில் மணல் பரப்பி, செங்கல் அடுக்கி, ஐயர் நெய் ஊற்றத் தொடங்கிச் சிறிது நேரத்தில் கீழே ஒன்று வீரிட்டது. உடனே பொலித்தீனுக்குள் இருந்த நாலும் சேர்ந்து வீரிட்டன. அயல்வீட்டுக்காரர் அழைத்திருக்க வேண்டும். தீயணைப்பு வண்டி வந்து நின்றது.

அண்ணை பட்டு வேட்டியோடு வாசலை மறித்துக்கொண்டு, "திஸ் இஸ் அவர் ரிலிஜியஸ் ஃபிறீடம்!" என்று கத்தினார். சுதந்திரம் பற்றி இரண்டு வருடம் அவர் பேசியதில் இவ்வளவு உணர்ச்சியோடு பேசியதை நான் கேட்டதில்லை. தீயணைப்பு வீரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முகட்டிலிருந்த பைகளை அண்ணாந்து பார்த்து, முதலில் அவற்றைக் கழற்றுங்கள் என்றார். கழற்றியது நான்.

அவர்கள் போனதும் ஐயர் அணைந்த தீயைப் பார்த்தார்.

"தடை வந்திட்டுது. ஆர் இதுக்குப் பொறுப்பு?"

"இவர்தான், ஐயா," என்றார் அண்ணை என்னைக் காட்டி. "கீழ இருக்கிறவர். கடவுள் இல்லையெண்டு திரியிற ஆள். வேணுமெண்டு கீழ ஒண்டை மூடாம விட்டிருக்கிறார்."

"காலமை நீங்கள்தானே..." என்று அக்கா தொடங்கினார்.

"நீர் பாலைப் பாரும்."

ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். "சரி, அவர் அக்கினிக்கு முன்னால விழுந்து, தெரிஞ்சு செய்த பிழை, மன்னியுங்கோ எண்டு சொல்லட்டும். திரும்ப வளர்ப்பம். எனக்குப் பதினொண்டுக்கு மில்லிக்கனில இன்னொரு வீட்டுப் பூசை இருக்கு."

சனிக்கிழமை வட்டத்தில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். கையில் ஏந்திய தீர்த்தம் விரலிடுக்கால் ஒழுக, இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணை என்னைப் படியோரம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வசனம்தானே, ஐசே. சொல்லிப்போட்டுக் கீழ போய்ப் படும். அறை உமக்குத்தான். ரீசனபிளா இரும்."

அந்த அதிகாரியின் மேசை நினைவுக்கு வந்தது. அறிவோடு நடக்கும்படி எப்போதும் அறை இல்லாதவனைத்தான் கேட்கிறார்கள்.

"அண்ணை, புகை மேலதான் போகும் எண்டது ஆர்?"

"இப்ப அதுவே கதை?"

"அதுதான் கதை."

"அப்ப சாமானைத் தூக்கும்."

தனக்குத் தானே சட்டம் போட்டு அதற்கு அடங்குவதுதான் சுதந்திரம் என்று அந்த ஜெர்மன்காரர்கள் சொல்வார்கள். எனக்குள் அப்படி எந்தச் சட்டமும் பேசவில்லை. முழங்கால் மடங்கவில்லை, அவ்வளவுதான். சாமான் கட்டப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது.

இப்படித்தான் அந்தச் சரளைக்கல்லில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு கார் வந்து ஒதுங்கியது. ஐயர். மில்லிக்கன் வீட்டுக்குப் பிந்திப் போய்க்கொண்டிருந்தார்.

"ஏறும். பையைப் பின்னால போடும். வாழைப்பழம் நசியாமப் பாரும்."

கொஞ்சத் தூரம் போனதும் கேட்டார். "வேணுமெண்டு விட்டனீரோ?"

"இல்லை, ஐயா."

"தெரியும். புது வீடுகளில கீழ இருக்கிறதுதான் முதல்ல கத்திறது. நான் எத்தினை வீடு பாத்திட்டன்."

"அப்ப ஏன் என்னை விழச் சொன்னனீங்கள்?"

"ஆராவது விழுந்தாத்தானே முடிச்சுக்கொண்டு வெளிக்கிடலாம்." சமிக்ஞை போட்டு வளைவில் திரும்பினார். "கடைசியில அவரின்ர மனிசி, அந்தப் பிள்ளைதான் விழுந்தது. தான்தான் மறந்துபோனன் எண்டு சொல்லி."

தட்டோடு வந்து என் நெற்றியில் திருநீறு பூசியது அக்காதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மடங்காத என் முழங்காலுக்குப் பதிலாக அவருடையது மடங்கியிருந்தது. இதற்கு அந்தச் சனிக்கிழமைப் புத்தகங்களில் ஒரு வரியும் இல்லை. இருந்திருந்தாலும் அண்ணை வாசித்திருக்க மாட்டார்.

இறங்கும்போது ஐயர், தான் பூசை செய்யும் கோவிலில் பெரிய சமையல் கிடாரங்கள் கழுவ ஆள் தேடுகிறார்கள் என்றார். இரவு வோபர்னில் பழைய கூட்டாளி ஒருவனின் சோபாவில் படுத்தேன். விடிய இரண்டு பஸ் மாறி மில்லிக்கனுக்குப் போனேன். பண்டகசாலைகளுக்கு நடுவில் பண்டகசாலை போலவே ஒரு கோவில். மடப்பள்ளியைப் பார்க்கிறவர் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"முந்தி செய்திருக்கிறீரோ?"

"ஜெர்மனியில. ஏழு வருசம்."

"சாமி கும்பிடுவீரோ?"

அங்கேயும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "இல்லை," என்றேன்.

"நல்லதாப் போச்சு. கும்பிடுறவன் மணி அடிச்ச உடன கிடாரத்தை விட்டிட்டு ஓடிடுறான்."

முதல் கிடாரத்தில் முந்தின நாள் பொங்கல் அடிப்பிடித்துக் கறுத்துக் கிடந்தது. சுடுநீரைத் திறந்துவிட்டு, இடுப்பு வரை உள்ளே குனிந்து சுரண்டத் தொடங்கினேன்.