முதலாளியின் வண்டி

ஞானதுரைக்கு ஐம்பத்தாறு வயது. ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகிற ரோட்டில் உள்ள ஒரு நூல் மில்லில் முப்பத்தொரு வருஷமாக ஃபிட்டர் வேலை. அதிகம் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சு, வாரநாளில் ரெண்டாம் ஷிஃப்ட், வீட்டில் மனைவி பரிபூரணம் என்று போய்க்கொண்டிருந்த மனிதர். அவரைப் பற்றி ஊரில் யாரும் எதுவும் பேசியதில்லை. போன வருஷம் பேசினார்கள்.

மகள் ஷெரினின் கணவர் துபாயில் இருக்கிறார். அவள் பிள்ளைகளோடு அப்பா வீட்டில்தான் இருக்கிறாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆறு வயதில் இரட்டைப் பிள்ளைகள், அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். பரிபூரணத்துக்கு மூட்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து பஸ்ஸில் ஏற முடியாது. எல்லோரும் உட்காருகிற மாதிரி ஒரு பெரிய வண்டி வாங்கலாம் என்று மருமகன் பணம் அனுப்பினார். மில் வேனையெல்லாம் ஓட்டிப் பழகிய ஞானதுரைதான் ஓட்டுவார், அவர்தான் பார்த்து வாங்கவேண்டும் என்று முடிவானது.

எந்தக் கம்பெனி என்பதில் சண்டை இல்லை. நம் பக்கம் எல்லோரும் வைத்திருக்கும் அந்த ஏழு சீட் வண்டிதான். எந்த மாடல் என்பதில்தான் பேச்சு வந்தது. முதல் மாடல் பதினைந்து வருஷத்துக்கு முந்தையது. பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கும். ரெண்டாவது மாடலில் முகத்தை மாற்றினார்கள், உள்ளே பெரிய மாற்றமில்லை. மூணாவதுதான் இப்போது ஷோரூமில் கிடைப்பது. ஷெரின் ஒரு நோட்டில் கோடு போட்டு மூன்றையும் எழுதியிருந்தாள்.

"அப்பா, முதல் மாடல்ல பின்னாடி சீட்டு பெஞ்சு மாதிரி எதிரெதிரே இருக்கு. பெல்ட்டும் கிடையாது. பிள்ளைக அங்கதான் உக்காரும். புது மாடல்ல எல்லா சீட்டும் முன்னப் பாத்து இருக்கு, பெல்ட் இருக்கு, சைடுலயும் ஏர்பேக் இருக்கு. புதுசு புக் பண்ணினா நாலு மாசம் ஆகுமாம். அதனால புது மாடல்லயே பழைய வண்டி கிடைச்சா எடுத்துருங்க."

"பாக்கேன்" என்றார் ஞானதுரை.

ஒரு லீவு நாளில், ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய வண்டி வாங்கி விற்கிற சேக் முகைதீனிடம் போனார். அவள் கேட்டபடியே ஒன்று நின்றது. புது மாடல், மூணு வருஷ ஓட்டம், வெள்ளை நிறம். ஞானதுரை பானட்டைத் திறந்து பார்த்தார். எஞ்சின் சுத்தமாக இருந்தது. மூடிவிட்டுத் திரும்பியபோது, வேலியோரம் வேறொரு வண்டி நிற்பதைப் பார்த்தார். கறுப்பு நிறம், முதல் மாடல். நம்பரைப் பார்த்ததும் அவருக்குக் கால் ரெண்டும் தானாகச் சேர்ந்து விறைத்து நின்றன.

அது அவருடைய மில் முதலாளியின் வண்டி. பன்னிரண்டு வருஷம் அந்த வண்டி மில் கேட்டுக்குள் வரும்போதெல்லாம் அவர் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றிருக்கிறார். முதலாளி தானே ஓட்டி வருவார். ஸ்டியரிங்கிலிருந்து ரெண்டு விரலை மட்டும் தூக்குவார். நிற்கிறவர்களுக்கு அது போதும்.

"பாய், இது எப்ப வந்துச்சு?"

"பத்து நாளாச்சு. வெளிய யாருக்கும் சொல்லலை. உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி அது? சின்னப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறதுக்குன்னா அந்த வெள்ளை வண்டிய எடுங்க. இது பழசு, டீசலும் குடிக்கும்."

முகைதீன் ஒளிவுமறைவில்லாமல்தான் சொன்னார். ஞானதுரை கறுப்பு வண்டியின் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் இறங்கவே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு பொய் சொன்னார். "அந்த வெள்ளை வண்டி தூத்துக்குடி வெள்ளத்துல முங்குன வண்டிம்மா. வயரிங் பூராம் போயிரும். இன்னொண்ணு இருக்கு. பழைய மாடல், ஆனா இரும்பு. ஒரே ஆள் ஓட்டுனது." வண்டி விஷயத்தில் அப்பாவுக்குத் தெரியாததா என்று ஷெரின் நோட்டை மூடி வைத்தாள். அந்த வாரமே கறுப்பு வண்டி வீட்டுக்கு வந்தது. மில்லில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல மொபெட்டில்தான் வேலைக்குப் போனார்.

தினமும் காலையில் ஷெரினையும் பிள்ளைகளையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்புவார். வழியில் ரோட்டோரம் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. மூணாம் நாள், அந்த மண்டப வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் வண்டியைப் பார்த்ததும் துள்ளி எழுந்து சல்யூட் அடித்தார். அது மாரிச்சாமி.

மாரிச்சாமி மில்லில் இருபது வருஷம் கேட் வாட்ச்மேன். ஞானதுரையோடு ஒன்றாக டீ குடித்தவர். எட்டு மாதத்துக்கு முன்னால் கேட் பாஸ் இல்லாத ஒரு பஞ்சு லாரியை வெளியே விட்டுவிட்டார் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் திட்டி, வேலையை விட்டு அனுப்பிவிட்டார். ஞானதுரையும் அந்தக் கூட்டத்தில் நின்றார். வாய் திறக்கவில்லை. ஒரு நாள் மம்சாபுரத்தில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்து, பொறவு பொறவு என்று தள்ளிப்போட்டு, போகாமலே விட்டார்.

அதனால்தான் அன்று கண்ணாடியை இறக்கக் கூசியது. வெயில் முன்கண்ணாடியில் பட்டதால் வெளியிலிருந்து அவர் முகம் தெரிந்திருக்காது. என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டியரிங்கிலிருந்து ரெண்டு விரலைத் தூக்கிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளும் மாரிச்சாமி எழுந்து நின்றார். ஞானதுரை விரலைத் தூக்கினார். அடுத்த நாளும் அப்படித்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு அது கூச்சத்தினால் செய்கிற காரியமாக இல்லை. மண்டபம் தூரத்தில் தெரியும்போதே முதுகை நிமிர்த்திக்கொள்வார். வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார். வாழ்க்கையில் அவருக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. தனக்காக நிற்கவில்லை என்று தெரிந்தும் அது இனித்தது. மாரிச்சாமி விடுப்பில் போன ஒரு நாள் வெறும் நாற்காலியைப் பார்த்து அவருக்கு எரிச்சல்கூட வந்தது.

இப்படி ஒன்றரை மாதம் போனது. பிறகு தொடர்ந்து நாலு நாள் நாற்காலி காலியாகக் கிடந்தது; மறுபடி விடுப்பு போலிருக்கிறது என்று ஞானதுரை நினைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் சாயங்காலம் நாலரை மணி இருக்கும். முதலாளியின் ஆபீஸ் அறையில் ஏசி ஓடவில்லை என்று ஞானதுரையைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் ஏணியில் ஏறி, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து, மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே முதலாளி மேசையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது.

"ஐயா, கும்பிடுதேன்."

குரலைக் கேட்டதும் அவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் நின்றது.

மாரிச்சாமி தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். "ஐயா கோவம் எறங்கிருச்சுன்னு எனக்குத் தெரியும்யா. நாலு நாளுக்கு முன்னால மண்டபத்துல சொல்லிட்டு நின்னுட்டேன். எப்ப வரச் சொன்னாலும் டூட்டிக்கு வாரேன்."

"யாருப்பா சொன்னது உனக்கு?" என்றார் முதலாளி.

"யாரும் சொல்லலைங்கய்யா. ஐயாதான் தினமும் மண்டபத்தத் தாண்டும்போது எனக்குக் கை காட்டுறீக."

"நானா? எந்த வண்டில?"

"நம்ம கறுப்பு வண்டிலதான்யா."

முதலாளிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். "அதை வித்து ரெண்டு மாசமாச்சேப்பா! எவனோ ஒருத்தனுக்கு நீ சல்யூட் அடிச்சிட்டு இருந்திருக்க." பக்கத்திலிருந்த கணக்குப்பிள்ளையும் சிரித்தார். டீ கொண்டுவந்தவரும் சிரித்தார். ஒரு நிமிஷம் கழித்து மாரிச்சாமியும் சேர்ந்து சிரித்தார். "என் புத்தி பாருங்கய்யா" என்றார். அந்தச் சிரிப்புச் சத்தம் ஏணிக்கு மேலே வந்தது.

ஞானதுரை திரும்பவில்லை. கழற்றிய ஸ்குரூவை மறுபடி முடுக்கினார், மறுபடி கழற்றினார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டபிறகும் அப்படியே நின்றார்.

அன்று ஷிஃப்ட் முடியும்வரை அவருக்குக் காது எரிந்துகொண்டே இருந்தது. விடிந்ததும் மகளை இறக்கிவிட்டு, மாரிச்சாமி திரும்ப அங்கேயே சேர்ந்திருப்பாரோ என்று மண்டபத்துக்குப் போனார். நாற்காலியில் புது ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வண்டியை அப்படியே மம்சாபுரத்துக்கு விட்டார்.

தெருவில் வண்டி வந்து நின்றதும் மாரிச்சாமியின் மனைவி முனீஸ்வரி வெளியே வந்தாள். இறங்கியது ஞானதுரை என்று பார்த்ததும் அவள் முகம் குழம்பியது. பின்னாலேயே மாரிச்சாமி வந்தார்.

"ஏலே மாரி, அந்த வண்டில போனது நான்தாம்லே."

மாரிச்சாமி வண்டியைப் பார்த்தார். பொறவு அவரைப் பார்த்தார்.

"கை காட்டுனது?"

"நான்தான்."

"தினமுமா?"

"தினமும்தான்."

முனீஸ்வரி முன்னால் வந்தாள். "அவிய உங்களுக்கு என்னண்ணே செஞ்சாக? தெரு பூராம் சொல்லிட்டு வந்தேனே, மில்லுக்குத் திரும்பப் போறாகன்னு!"

"நீ சும்மா இரு" என்றார் மாரிச்சாமி. பிறகு மெதுவாகக் கேட்டார். "நேத்து ஏணியில நின்னது நீதான?"

"ஆமா."

"உன் முதுகப் பாத்ததுமே கண்டுக்கிட்டேன். அம்புட்டுப் பேரும் சிரிக்கும்போது, இவன் ஒருத்தன் இருக்கானே, இறங்கி வந்து நமக்காக ஒரு வார்த்தை சொல்லுவான்னு நினைச்சேன்."

ஞானதுரை கை ரெண்டையும் கூப்பினார். மாரிச்சாமி அதைப் பார்க்காத மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டார். "சரிங்க. எனக்கு வேலை இருக்கு. போயிட்டு வாங்க" என்றார். இருபது வருஷத்தில் ஒரு நாளும் அவர் ஞானதுரையை வாங்க, போங்க என்று கூப்பிட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது நடந்ததையெல்லாம் ஷெரினிடம் சொன்னார். சல்யூட்டைச் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். வெள்ளை வண்டியைப் பற்றிய பொய்யைச் சொல்லும்போதுதான் பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்கவேண்டியிருந்தது. ஷெரின் கத்தவில்லை.

"ரெண்டு மாசமா பிள்ளைக அந்த பெஞ்சுல பெல்ட் இல்லாம உக்காந்து வந்துச்சுகப்பா. நீங்க பிரேக் போடும்போதெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து சிரிச்சதுக. அது விளையாட்டுன்னு நானும் விட்டேன். நாலு பேரு எந்திரிச்சு நிக்கணும்னா இதச் செஞ்சீங்க?"

"நாலு பேரு இல்லம்மா. ஒருத்தன்தான்" என்றார் ஞானதுரை. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று அவருக்கே தெரிந்தது. பரிபூரணம் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை முதலாளியிடமும் போனார். மாரிச்சாமி ஏமாந்தது தன்னால்தான், அவருக்கு வேலை போட்டுக் கொடுக்கவேண்டும் என்று கேட்டார். முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா வாங்குன? வாங்குனது தப்பில்ல. கை காட்டுனியாமே, எப்படி இருந்துச்சு?"

ஞானதுரை மாரிச்சாமியின் வேலையைப் பற்றியே திரும்பவும் கேட்டார்.

"மாரிச்சாமி விஷயம் வேற. இதோட அதைச் சேக்காத" என்று முதலாளி பேச்சை முடித்துவிட்டார். ஷிஃப்ட் மாறுவதற்குள் மில் பூராவும் விஷயம் பரவியது. ஸ்பின்னிங் பகுதியில் அவர் நுழைந்தால் ரெண்டு மூன்று பேர் விறைப்பாக எழுந்து நிற்பார்கள். "முதலாளி வாராரு லே!" என்பார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அது நடந்தது. அவர் ஒருமுறைகூடக் கோபப்படவில்லை. ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே நடந்துபோவார்.

மண்டப மேனேஜரைப் பார்க்க மூன்று முறை நடந்தார். நடந்ததை நடந்தபடியே சொன்னார். புது ஆளை அனுப்பமுடியாது, முகூர்த்த நாளில் மட்டும் மாரிச்சாமி வரட்டும் என்றார் மேனேஜர். மற்ற நாட்களில் மாரிச்சாமி சேத்தூர்ப் பக்கம் தோப்பு வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டார். சத்திரப்பட்டிப் பக்கம் ரெண்டு இடத்தில் வாட்ச்மேன் வேலை விசாரித்துச் சொல்லி அனுப்பினார். மாரிச்சாமி போகவில்லை.

வண்டியை மாற்ற ஷெரினும் அவரும் முகைதீனிடம் போனார்கள். "அந்த வெள்ளத்துல முங்குன வண்டி மாதிரி வேண்டாம் பாய், நல்லதா காட்டுங்க" என்று வேண்டுமென்றே சொன்னாள் ஷெரின். முகைதீன் திடுக்கிட்டார். "எங்கிட்ட எப்பம்மா வெள்ளத்து வண்டி வந்துச்சு?" ஷெரின் அப்பாவைப் பார்த்தாள்.

"நான்தான் பொய் சொன்னேன் பாய். உங்க வண்டி மேல பழி போட்டுட்டேன்."

முகைதீன் கையிலிருந்த சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். "கடைக்கு வாரவங்க நம்பி வாராங்க அண்ணாச்சி" என்றார். அந்த வெள்ளை வண்டி எப்போதோ விற்றுப்போயிருந்தது. மூன்று வாரம் கழித்து, அதே மூணாவது மாடலில் சாம்பல் நிறத்தில் ஒன்றை அவரே தேடிக் கொடுத்தார். பேச்சு மட்டும் ஷெரினிடம்தான். இந்த முறை ஒவ்வொரு சீட்டின் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்து அவள்தான் சரி சொன்னாள். ஞானதுரை வெளியே நின்றார்.

ஆவணியில் ஷெரினோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர் வீட்டுக் கல்யாணம் அதே மண்டபத்தில் நடந்தது. தான் வரவில்லை என்று ஞானதுரை சொல்லிப் பார்த்தார். அம்மாவை யார் கூட்டிக்கொண்டு வருவது என்றாள் மகள்.

வாசலில் மாரிச்சாமி விசில் வைத்துக்கொண்டு வண்டிகளுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். ஞானதுரை கண்ணாடியை முழுசாக இறக்கினார்.

"மாரி" என்றார்.

"முன்ன ரெண்டு வண்டி வெளிய எடுக்கணும். கொஞ்சம் ரைட்ல ஒடிங்க" என்றார் மாரிச்சாமி. அவர் குரலில் கோபம் இல்லை. வேறு எதுவும் இல்லை. "இன்னும் வாங்க... வாங்க... போதும்." விசிலை ஊதிவிட்டு அடுத்த வண்டியிடம் போனார்.

பிள்ளைகள் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கி ஓடினார்கள். ஷெரின் அம்மாவைக் கைபிடித்து இறக்கினாள். ஞானதுரை எஞ்சினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். உள்ளே மேளம் ஆரம்பித்துவிட்டது. பரிபூரணம் திரும்பி வந்து வண்டிக் கதவைத் தட்டினாள்.

"எம்புட்டு நேரம் உக்காந்திருப்பீங்க? இறங்குங்க."

அவர் இறங்கினார்.