கழிவில்லாமல் வந்த விமானம்

எங்கள் சீட்டில் இருபது பேர். ஆளுக்கு மாதம் ஆயிரம் யூரோ. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் வீட்டில் கூடுவோம். பன்னிரண்டு பேருக்குக் கதிரை இருக்கிறது, மற்ற எட்டுப் பேர் சுவரோடு நிற்பார்கள். பணம் தேவைப்படுகிறவர் தன் கழிவைச் சொல்வார். கழிவு என்றால், சேர்ந்த இருபதாயிரத்தில் அவர் விட்டுக்கொடுக்கிற தொகை. அதிகம் விட்டுக்கொடுப்பவருக்கு அந்த மாதச் சீட்டு. விட்ட தொகையை மற்றப் பத்தொன்பது பேரும் பங்கிட்டுக்கொள்வோம். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ஸ்டுட்கார்ட்டில் பதினேழு வருடமாக இப்படிச் சீட்டு நடத்துகிறேன். இதுவரை ஒரு சதம் பிசகியதில்லை. ஆனால் பிசகிவிடும் என்று மாதம் ஒருமுறை தவறாமல் பயந்திருக்கிறேன்.

இந்தச் சீட்டுக் காசில் கலியாணங்களும், பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்த சாமத்தியவீடுகளும் நடந்திருக்கின்றன. இரண்டு கடைகள் திறந்திருக்கின்றன. ஒருவர் பல் முழுவதையும் மாற்றிக் கட்டினார். அதே காசில் ஒரு விமானமும் வாங்கப்பட்டது என்று நானே சொல்லும்போது, யாரோ சொல்வதைக் கேட்பது போலத்தான் இன்றைக்கும் இருக்கிறது.

வாங்கியவள் என் நண்பரின் மகள். நண்பர் காலமான பிறகு சீட்டில் அவருடைய இடத்தை எடுத்துக்கொண்டவள். நாற்பத்தொரு வயது. நகர ரயில் ஓட்டுகிறாள். விமானம் ஓட்டப் பழகுகிறேன் என்று முன்பொருமுறை சொன்னபோது, தையல் வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னதைப் போலத்தான் கேட்டு வைத்தேன். பிறகு ஒருநாள் உரிமப்பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். படம் அவளுடையதுதான்.

அவளுக்கு ஓய்வு பெரும்பாலும் வார நாட்களில். பறக்கும் சங்கத்து விமானங்கள் வார நாட்களில் பழகுகிறவர்களிடம் போய்விடும். மாதத்தில் ஒருமுறை கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த நேரத்தில்தான் சங்கத்து முதியவர் ஒருவருக்கு இதயப் பரிசோதனையில் தேறாமல் பறக்கும் அனுமதி போயிற்று. அவர் தன் விமானத்தை விற்க வந்தார். நாலு இருக்கை, மேலே இறக்கை, வெள்ளை உடம்பில் நீலக்கோடு. விமானத்துக்கு அவளைவிட நாலு வயது கூட. நாற்பத்தெட்டாயிரம் சொன்னார். அவளுக்கு முப்பதாயிரம்தான் சேர்ந்திருந்தது. வடக்கிலிருந்து இன்னொருவர் முழுக்காசோடு கேட்கிறார், ஆனாலும் மாத முடிவு வரை உனக்காக வைத்திருப்பேன் என்றாராம்.

மூன்று வங்கிகளுக்குப் போனாள். இரண்டு வங்கிகள் இவ்வளவு பழைய பொருளுக்குக் கடன் இல்லை என்றன. மூன்றாவது, விமானங்களுக்கே கடன் கொடுக்கிற இடம். இந்தச் சிறிய தொகைக்கு அந்த வேலை கட்டுப்படியாகாது என்று அங்கே சொன்னார்கள். என்ன வேலை என்று கேட்டேன். விமானத்தை ஈடாக எடுத்தால் அதை நீதிமன்றத்தில் பதிய வேண்டுமாம். விமான ஈடுகளுக்கென்றே ஒரு பதிவேடு இருக்கிறதாம். நகை, தோட்டக்காணி, தையல் மெசின், ஒருமுறை கறவைமாடு, இவ்வளவும் ஈடு வைக்கப்பட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வானத்தில் போகிற ஒன்றை ஈடு பிடித்துப் பதிந்து வைக்கிற அரசாங்கத்தை நினைத்து அன்று இரண்டு தரம் தேநீர் போட்டுக் குடித்தேன்.

ஆகவே அவளுக்கு எங்கள் சீட்டு வேண்டியிருந்தது, அதுவும் முழுதாக வேண்டியிருந்தது. பதினெட்டாயிரம் விமானத்துக்கு, மிச்ச இரண்டாயிரம் முதல் வருடக் காப்புறுதிக்கு. பறந்த மணித்தியாலங்கள் குறைவாக இருந்ததால் அவளுக்குக் கட்டணம் கூட. வழக்கமாக ஒரு சீட்டுக்குக் கழிவு ஆயிரத்துத் தொளாயிரம் அளவில் போகும். கழிவைக் கொடுத்தால் காப்புறுதிக்குக் காசில்லை. காப்புறுதி இல்லாவிட்டால் அந்த விமானத்தை ஒரு அடி ஓட்டவும் அனுமதியில்லை.

கதை இரண்டு நாளில் பரவிவிட்டது. பலசரக்குக் கடை வைத்திருக்கும் எங்கள் உறுப்பினர்தான் முதலில் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, பிள்ளையிட்டைக் கழிவு வாங்கி என்ன செய்யப்போறம்? ஆளுக்கு நூறு யூரோ வரும், அவ்வளவுதானே. அதுக்குப் பதிலா ஒவ்வொருத்தரையும் ஒருக்கா ஏத்தி ஒரு சுத்துச் சுத்தட்டும். நான் முன்சீற்றிலை."

மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்து அதையே சொன்னார்கள். அவளுக்குப் பெரிய சந்தோஷம். கழிவு மிச்சம், எல்லாரையும் ஏற்றுகிற ஆசையும் தீரும். எனக்குத்தான் மனது ஒரு நிலையில் நிற்கவில்லை. காப்புறுதிப் பத்திரங்களைக் கொண்டுவா, வாசிக்க வேண்டும் என்றேன். முப்பத்தொரு பக்கம்.

மூன்று நாள் வாசித்தேன். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். இங்கே முப்பது வருடம் ஒரு திருகாணித் தொழிற்சாலையின் களஞ்சியத்தில் கணக்கெடுத்தேன். நான் வாசித்த பத்திரங்களில் அப்படி ஒன்றை அதற்கு முன் கண்டதில்லை. விமானம் கொட்டகைக்குள் நிற்கும்போது ஒரு பொறுப்பு, உருளும்போது ஒன்று, பறக்கும்போது ஒன்று. ஆலங்கட்டி மழை, பறவை, எலி கடித்த வயர், எல்லாவற்றையும் யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். பதினொன்றாம் பக்கத்தில், விமானத்தால் தரையிலுள்ளவர்களுக்கு வரும் சேதத்துக்கு இழப்பீடு உண்டு, போரினால் நேர்ந்தாலும் உண்டு, அதற்கும் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்றிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு நாலு தரம் வாசித்தேன். ஊரில் எங்கள் வீட்டின் மேற்குப் பக்கத்தை ஒரு விமானம் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கியது. அதற்கு ஒரு பத்திரம் இருக்கக்கூடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, திரும்பவும் வாசிக்கச் சொன்னாள்.

பத்தொன்பதாம் பக்கத்தில்தான் நான் பயந்தது இருந்தது. தனிப்பட்ட பாவனைக்கு மட்டும், பயணிகளைக் கைம்மாறு எதுவும் இல்லாமல் மட்டும் ஏற்றலாம்.

காப்புறுதியை ஒழுங்குசெய்து கொடுக்கிற ஜேர்மன் பெண்மணிக்குத் தொலைபேசி எடுத்து, பெயர் ஊர் சொல்லாமல், ஒருவர் வரவேண்டிய நூறு யூரோவை விட்டுக்கொடுத்து அதற்காகப் பறக்கிறார் என்றால் எப்படி என்று கேட்டேன். அது கூலி, காப்புறுதி செல்லாமல் போய்விடும் என்றார். இறங்கிய பிறகு நன்றிக்கு ஒரு கேக் கொண்டுவந்தால் என்று கேட்டேன். அவர் சிரித்தார். தானாக வந்த கேக் என்றால் கேக்தான், முன்பே பேசி வைத்த கேக் என்றால் அதுவும் கூலிதான் என்றார்.

பிறகு நண்பரின் மகளுக்கு எடுத்தேன். அவள் அப்போது கடைசித் தரிப்பில் ரயிலை நிறுத்திவிட்டு இடைவேளையில் இருந்தாள். சொன்னேன்.

"அப்ப கழிவைக் குடுத்திட்டு எடுக்கட்டே மாமா?"

"குடுத்தாக் காப்புறுதி கட்ட ஏலாது பிள்ளை."

"ஓம்." ரயில் கதவுகள் மூடுகிற சத்தம் கேட்டது. "ஞாயிற்றுக்கிழமை வாறன். வந்து, எனக்கு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுப் போறன்."

அந்த ஞாயிறு இருபது பேரும் வந்திருந்தார்கள். அது எப்போதும் நடப்பதில்லை. அவள் வாசலோடு நின்றாள். பத்தொன்பதாம் பக்கத்தை நான் விளக்கினேன். கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை.

"நாங்கள் என்ன டிக்கெட் வெட்டியே ஏறப்போறம்? ஒருத்தரும் வாய் திறக்காட்டி ஆருக்கு அண்ணை தெரியும்?"

"விழுந்தாத் தெரியும்," என்றேன். "விழுந்தாப் பிறகு எங்கள் எல்லாரையும் தனித்தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்கள். ஒருத்தர் உண்மை சொன்னாக் காணும், காப்புறுதி போச்சு."

அவள்தான் பேசினாள். இந்த மாதம் தனக்கு வேண்டாம், வேறு தேவையுள்ளவர்கள் கழிவு கூறட்டும் என்றாள். குரல் நிதானமாக இருந்தது, ரயிலில் அடுத்த தரிப்பை அறிவிக்கிற மாதிரி. கடைக்காரருக்குத் தேவை இருந்தது எனக்குத் தெரியும். அவர் கடையின் பெரிய குளிர்ப்பெட்டி பழுதாகி மூன்று கிழமை. ஆகவே அவர் முகத்தைப் பார்த்து, கழிவு எவ்வளவு என்று கேட்டேன்.

அவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எழுதுங்கோ அண்ணை," என்றார். "பிள்ளைக்கு. கழிவு சைபர்."

எங்கள் சீட்டில் கழிவில்லாமல் கொடுப்பது ஒன்றுக்கு மட்டும்தான். செத்தவீட்டுக்கு. பதினேழு வருடத்தில் மூன்று தரம் அப்படிக் கொடுத்திருக்கிறோம். அதைச் சொன்னேன்.

"சாகிறதுக்கே குடுக்கிறம்," என்றார் அவர். "பறக்கிறதுக்குக் குடுத்தா என்ன?"

நான் விடவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டேன். கழிவு வேண்டாம் என்று சொன்னால் போதாது, ஏற்றும்படி கேட்கமாட்டேன், எதிர்பார்க்கவும் மாட்டேன் என்றும் சொல்ல வேண்டும் என்றேன். ஒருவர், கோயிலில் சத்தியம் பண்ணுகிற மாதிரியல்லோ இருக்கு என்றார். ஆனாலும் சொன்னார். பதினெட்டுக் குரல். கடைசியாக என் மனைவியின் முன்னால் நானும் சொன்னேன். கதிரையில் இருந்தவர்களும் நின்றவர்களும் தங்களுக்கு வரவேண்டிய நூறு யூரோவை ஆகாயத்துக்கு விட்டுவிட்டு அமைதியாக வடை சாப்பிட்டார்கள். நான் இரண்டு தரம் எண்ணியும் கணக்குப் பிழைத்ததால் அன்று மட்டும் நோட்டுகளை மனைவிதான் எண்ணினாள். நண்பரின் மகள் வாசலிலேயே நின்று அழுதாள். எல்லாரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

முதல் நாள் பறக்கும்போது அந்தப் புல்தரை நிலையத்துக்கு எல்லாரும் போனோம், வேலிக்கு வெளியே நின்றோம். அந்த வகை விமானத்தில் முதல் பத்து மணித்தியாலம் பயிற்றுநர் கூட இருக்க வேண்டும், வேறு ஒருவரும் ஏறக்கூடாது என்பது காப்புறுதியின் நிபந்தனை. பின்னிருக்கை இரண்டும் வெறுமையாக இருந்தன. இயந்திரம் இரைந்து கிளம்பியபோது கடைக்காரர் தன்னை அறியாமல் என் கையைப் பிடித்து, பக்கத்திலிருந்த தேநீர்ச்சாலைக் கூரைக்குக் கீழே இழுத்தார். அறுபது வயது மனிதர். இரண்டு மூன்று பேர் ஏற்கெனவே அங்கே நின்றார்கள். எப்படி வந்தோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஒருவரும் சிரிக்கவும் இல்லை. பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்து அண்ணாந்து பார்த்தோம்.

அது புல்லை விட்டு எழும்பியதை நான் பார்த்தேன். சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே முதலில் ஒரு கையளவு வெளிச்சம் வந்தது. பிறகு அது ஒரு வீட்டு உயரமாயிற்று. ஆயிரம் ஆயிரமாக என் மேசையில் கிடந்த காசு அது. அதில் என் பங்கும் போகிறது என்று மூளை சொன்னது, கண் நம்பவில்லை. பெரிய வட்டம் ஒன்று போட்டு அவள் இறங்கி வேலியடிக்கு வந்தபோது, பத்தொன்பது பேரில் ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரர் ஒரு பொதியை வேலிக்கு மேலால் நீட்டி, வடை ஆறிப்போச்சு, சாப்பிடு என்றார். அவ்வளவுதான்.

பத்து மணித்தியாலம் முடிந்த பிறகு அவள் தானாகக் கூப்பிடத் தொடங்கினாள். அப்போது நான் சில ஒழுங்குகள் சொன்னேன். சீட்டு வரிசையில் கூப்பிடாதே. சங்கத்து ஆட்களையும் உன்னோடு வேலை செய்கிறவர்களையும் நடுவில் ஏற்று. முக்கியமானது, எங்கள் ஆட்கள் எல்லாரையும் ஏற்றி முடிக்காதே. பத்தொன்பது பேரும் ஒருநாள் ஏறிவிட்டால் அது பேசி வைத்த கணக்கு மாதிரி ஆகிவிடும். ஒருவராவது ஏறாமல் இருந்தால்தான் அது அன்பளிப்பு.

"ஆர் மாமா ஏறாமல் இருக்கிறது?" என்று கேட்டாள்.

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நான்தான் என்றேன். கணக்கை வைத்திருக்கிறவனே அதில் மிச்சமாகவும் நிற்க வேண்டும்.

சீட்டு முடிந்து இப்போது அடுத்த சீட்டும் பாதி ஓடிவிட்டது. பதினாறு பேர் ஏறியிருக்கிறார்கள். மனைவி சீட்டில் இல்லாதபடியால் கணக்கில் வரமாட்டாள் என்று சொல்லி இரண்டு தரம் போய்வந்தாள். மேலிருந்து பார்த்தால் எங்கள் தொடர்மாடியின் பல்கனியில் காயப்போட்ட என் சேட்டுத் தெரிகிறதாம். நான் நம்பவில்லை.

"பயமெண்டு சொல்லுங்கோவன்," என்றாள் திரும்பி வரும்போது காரில். "இதுக்கு ஏன் காப்புறுதியை இழுக்கிறியள்?"

பயமும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் நான் அந்த வேலியடியில் போய் நிற்கிறேன். ஏறினவர்களை எண்ணுகிறேன், இறங்கினவர்களை எண்ணுகிறேன். இதுவரை சரியாக வந்திருக்கிறது. அது எழும்புகிற அந்தக் கையளவு வெளிச்சத்தை மட்டும் ஒருமுறையும் தவறவிட்டதில்லை. போன செவ்வாய்க்கிழமை அவள் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளை எடுக்க முதல் வேலியடிக்கு வந்து, வழக்கம்போல என்னைப் பார்த்துப் பின்னிருக்கையைக் காட்டினாள். நானும் வழக்கம்போலத் தலையாட்டி மறுத்தேன். அவள் சிரித்துக்கொண்டு போய், வெறுமையான அந்த இருக்கைக்கும் பாதுகாப்புப் பட்டி மாட்டினாள்.