டிரான்ஸ்பார்மருக்கு விலை சொன்னவர்

அன்று பாறசாலையில் என் பழைய இரும்புக் கடையில் நானும் மனைவியும் பழைய சாமான் வாங்க வந்த ஒருவரும் மட்டுமே இருந்தோம். மெலிந்த மனிதர், கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை. எதை எடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்த்தார். காட்டாக்கடை வீடொன்றிலிருந்து எடைக்கு வந்திருந்த, பொம்மை ரயில் ஓட்டும் பழைய டிரான்ஸ்பார்மரையும் முகர்ந்தார்.

"உள்ள கம்பிச் சுருள் கரியல. எவ்வளவு?"

உள்ளே இருக்கும் செம்பைக் கணக்கிட்டு, பயந்து பயந்து முந்நூறு என்றேன்.

"அது பத்து வருசத்துக்கு முன்ன உள்ள வெலையாக்கும் அண்ணே. இதுபோல ஒண்ண நான் முதல்ல வாங்கினப்ப நாப்பது. பொறவு சீண்ட ஆளில்ல. இப்ப பழசு தேடுறவனுவ கூடியாச்சு, ரெண்டாயிரம் உண்டு."

வாங்க வந்தவர் விலையை ஏற்றுவாரா? மனைவி என் காதில், "உள்ள என்னமோ இருக்கு, குடுக்காதீங்க" என்றாள். திருட்டுப் பொருளோ, நாளை போலீஸ் வருமோ என்று அதை என் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டேன்.

அவரே ஸ்குரூ டிரைவரை நீட்டினார். "சந்தேகம்னா தொறந்து பாருங்க."

திறந்தேன். செம்புக் கம்பியும் தூசியும்தான்.

முந்நூறை எண்ணி வைத்து, "பாக்கிய கொண்டு வாறேன்" என்று எடுத்துப் போனார். நான்கு மாதமாகிறது. நான் கேட்ட விலை கிடைத்துவிட்டது, நஷ்டமில்லை. ஏமாற்ற நினைத்தவர் வாயை மூடிக்கொண்டே கொண்டுபோயிருக்கலாமே? ஆனாலும் கடை முன்னே பஸ் நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். அவர் தரவேண்டியது ஆயிரத்து எழுநூறு ரூபாய்.