மேட்டிலிருந்து வந்த இங்கிலீஷ்

அந்தக் காக்கித் தொப்பியை மச்சான் வேலை கிடைப்பதற்கு முன்பே வாங்கிவிட்டார். ஹட்டன் கடைவீதியில், முஸ்லிம் நானா ஒருவரின் கடையில். பங்களா டிரைவர் போடுவது போல முன்னால் கறுப்பு விளிம்பு வைத்தது. அதைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் ஓர் ஆணியில் மாட்டினார். அங்கே கூரை ஒழுகியது. ஆணியைப் பிடுங்கி வேறு இடத்தில் அடித்தார். அங்கேயும் ஒழுகியது. "வேலையே இன்னும் இல்ல, தொப்பி எதுக்கு மச்சான்?" என்று கேட்டேன். "தல இருக்குல்ல" என்றார். அக்காவின் புருஷன். மேலே என்ன பேசுவது.

மச்சான் அப்போது தோட்டத்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். பங்களாக் கார் டிரைவர் இந்தியாவுக்குப் போகப் பேர் பதிந்திருந்தார். அந்த இடம் கிடைத்தால் கராஜுக்குப் பின்னால் தனி அறை. வாசலிலேயே தண்ணீர்க் குழாய். எங்கள் காம்பராவில் நடுவே சாக்கைத் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் அம்மாவும் நானும், அந்தப் பக்கம் அக்காவும் மச்சானும் பிள்ளைகளும். அக்கா மறுபடி முழுகாமல் இருந்தாள். ஆகவே அந்த அறை மேல் எல்லோருக்கும் ஆசை. தடை ஒன்றுதான். தோட்டத்தை நடத்தும் துரையின் பெண்சாதி, துரைசாணிக்குத் தமிழ் வராது. டிரைவருக்கு இங்கிலீஷ் வரவேண்டும். நான் பங்களாக் குசினியில் சமையல்காரருக்கு எடுபிடி வேலை செய்தேன். பள்ளிக்கூடம் அதிகம் போனவனில்லை. ஆனால் காது இருந்தது. தினமும் ஒரு சொல்லாவது கொண்டுவா என்று மச்சான் என் உயிரை எடுத்தார்.

அந்தப் பாஷை ஒரு தொல்லை. நமக்கு எழும்புவதற்கு ஒரு சொல், ஏறுவதற்கு ஒரு சொல், இறங்குவதற்கு ஒரு சொல். அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் 'கெட்' போதும். மாடு ஒன்று, வால்தான் வேறு வேறு. 'கெட் அப்' என்றால் எழும்பு. 'கெட் இன்' என்றால் காருக்குள் ஏறு. 'கெட் அவுட்' என்றால் இறங்கு, வெளியே போ. 'புட் ஆன்' என்றால் உடுத்து, 'புட் அவுட்' என்றால் விளக்கை அணை, 'புட் அவே' என்றால் கோப்பையை அலமாரியில் எடுத்து வை. ஏன் அப்படி என்று மச்சான் கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்? "ஏன்னு கேக்காதீங்க, வால மட்டும் புடிச்சுக்குங்க" என்பேன். மறுநாளும் அதையே கேட்பார்.

இன்னொரு தொல்லை சத்தம். துரை மேல் ரோட்டில் நின்று கீழ் மலையில் நிற்கும் ஆட்களைப் பார்த்துக் கத்துவார். துரைசாணி சாப்பாட்டு அறையிலிருந்து குசினிக்குக் கத்துவார். இங்கிலீஷ் எங்களுக்கு எப்போதும் மேட்டிலிருந்துதான் வந்தது, கத்திக்கொண்டே வந்தது. கையும் நீட்டியிருக்கும். மச்சான் சொல்லோடு சத்தத்தையும் கையையும் சேர்த்துப் படித்துக்கொண்டார். "மெதுவா சொல்லுங்க மச்சான்" என்றால், "மெதுவா சொன்னா அது இங்கிலீசா?" என்று கேட்டார். காலையில் அக்காவைப் பார்த்து 'ஹரி அப்!' என்று லயமே அதிரக் கத்துவார். அக்கா அடுப்பை விட்டு அசையமாட்டாள். "தொரைக்கு இன்னைக்கு ரொட்டியும் கட்டச் சம்பலுந்தான். வேணும்னா 'கெட் இன்', வேணாம்னா 'கெட் அவுட்'" என்பாள். அடுத்த காம்பராக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மச்சானின் கார் ஓட்டத்தைச் சோதித்துப் பார்க்கிற நாள் வந்தது. துரைசாணியை அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு பங்களாவுக்குக் கூட்டிப் போகவேண்டும். கேக் கூடையைப் பிடித்துக்கொண்டு நான் முன் இருக்கையில். மச்சான் தலையில் தொப்பி. நல்ல மழை. ஒரு வளைவில் ரோட்டின் ஓரம் இளகி, பின் சக்கரம் பள்ளத்துப் பக்கம் இழுத்தது. கார் சாய்ந்தது. மச்சான் பிரேக்கை மிதித்துக்கொண்டே பின்னால் திரும்பி, கையை நீட்டி, துரையின் அதே குரலில் கத்தினார். "கெட் அவுட்! ஹரி அப்! கெட் அவுட்!" துரைசாணி இறங்கி மழையில் நின்றார். நானும் குதித்தேன். மச்சான் தனியாக இருந்து, பள்ளத்தைப் பார்க்காமல், காரை அங்குலம் அங்குலமாக நகர்த்தி மேலே ஏற்றினார். ஒரு கீறல் இல்லை. பிறகு இறங்கி, தொப்பியைக் கழற்றி, கதவைத் திறந்து பிடித்து, மரியாதையாகக் குனிந்து, "கெட் இன்!" என்று கத்தினார். துரைசாணி ஏறினார். பங்களா வந்ததும் மச்சான் கதவைத் திறப்பதற்கு முன் தானே இறங்கிப் போனார்.

மறுநாள் காலை மச்சான் குசினி வாசலில் காத்து நின்றார், துரை அங்கேயே வந்தார். எந்நாளும் கத்துகிற மனிதர் அன்று கத்தவில்லை. மச்சானுக்குப் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் நாலு வார்த்தை பேசினார். 'கோ பேக்' என்றதும் 'லொறி' என்றதும் என் காதில் விழுந்தன. துரை உள்ளே போய்விட்டார். மச்சான் தொப்பியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா மாப்ள, எவ்வளவு தன்மையா பேசுறாரு! நாளைக்கு எத்தன மணிக்கு வரணுமாம்?"

சமையல்காரர் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான்தான் சொல்லவேண்டியிருந்தது. "லொறிக்கே திரும்பிப் போகச் சொல்றாரு மச்சான்."

"சத்தமே போடலியே" என்றார்.

யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. சொல் சரி. சொன்ன இடம் சரி. அந்த நேரத்தில் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் துரைசாணி பள்ளத்தில் கிடந்திருப்பார். துரை அதே சொல்லை அதே குரலில் எங்களுக்கு ஆயுசு முழுக்கச் சொன்னார். நாங்கள் யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. தனி அறை வேறு ஆளுக்குப் போனது. மூன்றாவது பிள்ளை சாக்குக்கு அந்தப் பக்கம்தான் பிறந்தது.

இப்போது அந்தப் பிள்ளையின் மகள் புத்தகம் வைத்துக்கொண்டு 'கெட் அப், கெட் ஆன், கெட் அலாங்' என்று முணுமுணுத்துப் படிக்கிறாள். மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "சத்தமா சொல்லுடி. இப்படிச் சொன்னா யாருக்கு வெளங்கும்?" என்கிறார். "அது மெதுவாத்தான் சொல்லணும் மச்சான்" என்றால், "நீ சும்மா இரு மாப்ள" என்கிறார். இத்தனை வருசத்துக்குப் பிறகும் இந்த மனிதரோடு முடியவில்லை.

தொப்பி ஆணியில்தான் இருக்கிறது. விளிம்பு வெடித்துவிட்டது. தகரம் மாற்றியதிலிருந்து கூரை ஒழுகுவதில்லை. ஆனாலும் மழை பிடித்தால் மச்சான் எழும்பிப் போய் அதைத் தொட்டுப் பார்க்கிறார்.