கார்னெட் கிரீக்கின் வேலிக் கதவு

மீன் எங்கே கிடைக்கும் என்று ஒருவரும் வாய் திறக்காத ஊரில் போய் யாராவது குடியேறுவார்களா? வெர்னாவைப் பற்றி முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

மினியாபொலிஸில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவள் வெர்னா. ஓய்வு பெற்றதும் தூண்டிலையும் துப்பாக்கியையும் வண்டியில் போட்டுக்கொண்டு, மொன்டானாவில் தனக்கென்று ஒரு ஊர் தேடினாள். முதல் இரண்டு ஊர்களிலும் காப்பி வருவதற்குள் மீன் கிடைக்கும் இடத்துக்குப் படம் போட்டு வழி காட்டிவிட்டார்கள். மூன்றாவது, கார்னெட் கிரீக். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சாப்பாட்டுக் கடை, இருநூறு பேர்.

"இங்க டிரவுட் மீன் எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள்.

"தண்ணியிலதான்க்கா," என்றாள் கடைக்காரி டார்லா. மற்றவர்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஒளிக்கிறார்கள் என்றால், ஒளிக்க ஏதோ இருக்கிறது. அந்த வாரமே வெர்னா வீடு பார்த்தாள்.

மீனை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். எல்க் மான் வேட்டைதான் சிக்கல். மான்கள் இறங்கும் மேடு முழுக்க ஹால்வர்சன் என்ற மாட்டுப் பண்ணைக்காரருடையது. அவர் சம்மதிக்காமல் அங்கே கால் வைக்க முடியாது. ஜூன் முழுக்கக் கேட்டுக் கேட்டுச் சம்மதம் வாங்கினாள். ஜூலையில் இடம் பார்க்கப் போனபோது வேலிக் கதவு திறந்து கிடந்தது. நல்லது செய்வதாக நினைத்து மூடிவிட்டு வந்தாள். மாடுகள் ஓடைக்கு இறங்கும் வழி அது. பகலெல்லாம் தாகத்தில் நின்ற மாடுகள் கடைசியில் வேலியையே தள்ளிச் சாய்த்துவிட்டன.

விஷயம் தெரிந்ததும் அவளே போய் நின்றாள். "மூடுனது நான்தாங்க."

"ஏம்மா, பஸ் கதவ மூடி மூடிக் கை பழகிடுச்சோ?" என்றார் ஹால்வர்சன். "கதவு எப்படி இருக்கோ அப்படியே விடணும்னு இங்க சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். இனிமே இந்தப் பக்கம் வராத."

"வேலியக் கட்டிக் குடுத்துட்டு, அப்புறம் வரல."

அவர் அவசரத்துக்குக் கட்டைகளைப் போட்டு அடைத்திருந்த இடத்தில் மறுநாள் வேலையைத் தொடங்கினாள். முள்கம்பி அவளுக்குப் புதிது. கையெல்லாம் கிழிந்தது. மூன்றாம் நாள் ஹால்வர்சன் வந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுல துணி காயப்போடலாம்."

அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாள்.

"இதுக்குக் கோழி நிக்கும். மாடு நிக்காது."

அதையும் அவிழ்த்தாள். ஆகஸ்ட் நடுவில் ஒருநாள் அவர் வந்து கம்பத்தைப் பூட்ஸ் காலால் உதைத்தார். அது அசையவில்லை. அப்படியே திரும்பி நடந்தார். சொன்ன சொல்படி வெர்னாவும் அதன்பின் அந்தப் பக்கம் போகவில்லை.

அக்டோபரில், வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தின நாள், டார்லாவின் கடையில் ஹால்வர்சன் தன் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்:

"மேட்டுக்கு வடக்கால மூணு நாளா எல்க் தடம் தெரியுது."

வெர்னா தன்பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்குத்தான்க்கா சொல்றாரு," என்றாள் டார்லா. "காப்பிகிட்ட சொல்லல."

மறுநாள் விடியலில் வெர்னா போனபோது கதவு மூடியிருந்தது. திறந்து வண்டியை உள்ளே ஓட்டி நிறுத்தினாள். இறங்கி வந்து, மூடினாள்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது வேட்டைக்கோ மீனுக்கோ அந்தப் பக்கம் கிளம்பினால், வெர்னாவின் கதையை அவர்களிடம் சொல்லி அனுப்புங்கள்.