பின் சந்தில் சேர்ந்த சாமிகள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில், ஜொகூர் கெலாங் பாத்தாவில் நாங்கள் புது வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆன சமயத்தில் நடந்தது இது. அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவதும் ஊர்க்கதை பேசுவதும்தான் என் முழுநேர வேலை.

எங்கள் தாமான் குடியிருப்பில் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து, அதன் முடிவில் பெரிய மரம். அந்த மரத்தடியில் யார் யாரோ வந்து குப்பை கொட்டுவார்கள். பழைய மெத்தை, பேம்பர்ஸ், உடைந்த மின்விசிறி, எல்லாம் வரும். அறிவிப்புப் பலகை வைத்தோம். பலகைக்கு அடியிலேயே கொட்டினார்கள். பக்கத்துச் சுவரில் பிள்ளையாரும் மாரியம்மனும் இருக்கும் டைல்ஸை ஒட்டினால் எவன் கொட்டுவான் என்று என் கணவர் கேட்டார். எனக்கும் அது சரியாகப் பட்டது. சாமி பயம் ஒன்றுதான் மனுஷனை ஒழுங்காக வைத்திருக்கும் என்பது நான் வளர்ந்த வீட்டில் யாரும் சந்தேகப்படாத விஷயம்.

எதிர்வீட்டு அண்ணனை எனக்குப் பிடிக்காமல் போனதும் அதனால்தான். ஐம்பதைத் தாண்டியவர், அவரும் மனைவியும் மட்டும்தான். வீட்டில் சாமி மேடை கிடையாது. தைப்பூசத்துக்கு நாங்களெல்லாம் லீவு போட்டுக் கோயிலுக்குப் போனால், அவர் பாட்டுக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவார். "கடவுளே இல்லைங்கிறவரு தப்பு பண்ணா யாருக்குப் பயப்படுவாரு?" என்று கணவரிடம் கேட்பேன். அந்த அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

டைல்ஸ் ஒட்டியதும் குப்பை நின்றது. என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் வேறொன்று ஆரம்பித்தது. அது சாமி இருக்கும் இடம் என்று ஆனதும், வீட்டில் வேண்டாமென்று போன சாமிகளை எல்லாரும் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். கண்ணாடி உடைந்த படங்கள், மூக்குப் போன சிலைகள், பழைய விளக்குகள். சீனக் குடும்பங்களும் தங்கள் பங்குக்கு ஊதுபத்திக் கிண்ணங்களையும் சாமிக்கு டீ வைக்கும் சின்னக் கோப்பைகளையும் வைத்தார்கள். மழை பெய்தது. எல்லாவற்றிலும் தண்ணீர் தேங்கி, தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது.

அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் கொசுவால் வரும் டிங்கி காய்ச்சல். இந்த நேரத்தில் டிங்கி வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று கிளினிக்கில் நர்ஸ் சொன்னார். அதோடு என் தூக்கம் போனது. ஜன்னலைத் திறக்கப் பயம், பின்னால் துணி காயப்போடப் பயம். கொசுவுக்குப் புகையடிக்க வந்தவர்கள் புகையடித்துவிட்டுப் போனார்கள். கிண்ணங்கள் அப்படியே இருந்தன. புல் வெட்ட வந்தவர்கள் சாமிகளை மட்டும் விட்டுச் சுற்றி வெட்டினார்கள். சாஆ ஊரிலிருந்து அம்மா போனில், "வயித்துப்புள்ளக்காரி, அந்தப் பக்கமே போவாத. சாமி சாமான தொட்டா புள்ளைக்கு ஆகாது" என்றார். ஒரு நாள் என் கணவர் வீறாப்பாகக் குச்சியோடு போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"முனீஸ்வரர் படம் ஒண்ணு இருக்கு. என்னையே முறைச்சுப் பாக்குறாருலா. வேற யாரையாச்சும் கேப்போம்."

சிரித்திருக்க வேண்டியது. நான் அழுதேன்.

எதிர்வீட்டு அண்ணன் இதையெல்லாம் பார்த்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கையில் உறை மாட்டிக்கொண்டு, வாளியோடு எங்கள் கேட்டருகே வந்து நின்றார்.

"தங்கச்சி, பின்னால உள்ளதெல்லாம் எடுத்துடலாம்னு பாக்குறேன். ஆனா எனக்கு முறை தெரியாது. எப்படி எடுத்தா உங்களுக்கெல்லாம் மனசு கஷ்டப்படாதுன்னு சொல்லுங்க, அப்படியே செய்யறேன்."

வருடா வருடம் விரதம் இருப்பவள் நான்; வேண்டாமென்று விட்ட சாமியை என்ன செய்வது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கோயில் ஐயருக்குப் போன் போட்டேன். படத்தாளையும் சிலைகளையும் கோயிலுக்குக் கொண்டுவாருங்கள், கண்ணாடியும் சட்டமும் வெறும் குப்பைதான் என்றார். கிண்ணங்களைப் பற்றி அண்ணனே முனைவீட்டுச் சீன ஆண்ட்டியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

அடுப்படிக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரையெல்லாம் காய்ந்த மண்ணில் ஊற்றி, கிண்ணங்களை ஆண்ட்டி சொன்னபடி தாளில் சுற்றி வைத்தார். ஒவ்வொரு படத்தையும் துணியால் துடைத்து, சட்டத்திலிருந்து பிரித்து, முகம் மேலே தெரிய ஒரு புதுப் பெட்டியில் அடுக்கினார். முனீஸ்வரரையும் அப்படித்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த என் கணவரும் போய்க் கூடமாட வேலை செய்ய ஆரம்பித்தார்.

டீ கொடுக்கும்போது கேட்டேவிட்டேன். "அண்ணே, நீங்கதான் சாமியே இல்லைங்கிறீங்களே. அப்புறம் ஏன் இவ்வளவு பாத்துப் பாத்து செய்யறீங்க?"

"சாமி இல்லைன்னுதான் நெனைக்கிறேன்மா. ஆனா கொசு இருக்குல்ல, உங்க வயித்துல புள்ள இருக்குல்ல" என்றார். பிறகு பெட்டியைப் பார்த்தபடி, "இதெல்லாம் யாரோ எத்தனையோ வருஷம் கும்பிட்ட படம். கசக்கிப் போட நான் யாரு?" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருக்கு யார் மீதான பயமும் தேவைப்படவில்லை. பயந்த நாங்கள்தான் கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்த வீட்டில் காய்ச்சல் வந்த பிறகும் உள்ளேயே இருந்தோம். அன்று மாலையே என் கணவர் அந்த டைல்ஸைப் பெயர்த்து, அந்தப் பெட்டியோடு கோயிலுக்குக் கொண்டுபோனார். இப்போதும் சில நாள் அங்கே குப்பை வரத்தான் செய்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலைந்து பேர் போய் அள்ளுகிறோம்.

மகன் நல்லபடியாகப் பிறந்தான். அவனுக்கு நாலு வயது ஆகப்போகிறது. போன வாரம் வாழைப்பழத் தோலை வாசலுக்கு வெளியே வீசினான். "சாமி கண்ணக் குத்தும்" என்று சொல்ல வாயெடுத்தேன்; நான் வளர்ந்ததே அதைக் கேட்டுத்தான். அதை விழுங்கிக்கொண்டு, "யாராச்சும் மிதிச்சு வழுக்கி விழுந்துடுவாங்கய்யா" என்றேன். ஒரு கணம் தெருவையே பார்த்தான். பிறகு ஓடிப்போய் எடுத்து வந்தான். நான் இன்னும் தினமும் சாமி கும்பிடுகிறேன். ஆனால் சாமியைக் காட்டிப் பிள்ளையைப் பயமுறுத்துவது மட்டும் என்னால் இனி முடியாது.